மூணாவது துப்பாக்கியா, குண்டு அச்சா

போன தை மாசம் பூரா எங்க வூட்டுல ஒரே சண்டை. மூணாவதா ஒரு துப்பாக்கி கட்டணும்னு எங்க வூட்டுக்காரரு. துப்பாக்கி ரெண்டு போதும், குண்டு வார்க்கற அச்சு வாங்கணும்னு நான். இத அப்படியே வெளியில சொன்னா, காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கற கூட்டம்னு நெனச்சு போலீசுக்குப் போன் பண்ணிடுவாங்க. அட, பயப்படாதீங்க. பலூன் சுடற ஏர் கன்தான். பலகையில வரிசையா பலூன் கட்டி, பின்னாடி கோணிய தொங்கவுட்டு, "வாங்க சார், ஒரு கை பாருங்க"ன்னு கூப்புடுவாங்களே, அந்தக் கடை எங்களுது. மாசி மகத்துக்கு மரக்காணம் கடற்கரையில போடுவோம். ஆடியில கீழ்புத்துப்பட்டு கோயில் கூட்டத்துக்குப் போடுவோம். மத்தபடி ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஜனம் எங்க கூடுதோ அங்க.

அது எங்களுக்கு உபரி வேலைதான். வயித்துக்குப் பாக்கறது உப்பளம். அவரு பாத்திக்குத் தண்ணி எறைக்கற ஆயில் இன்ஜின் ஓட்டறவரு. நான் உப்பு வாரிக் குமிச்சு, கொட்டாயில மூட்ட கட்டற கூலி. பொண்ணக் கட்டிக் குடுத்துட்டதால வூட்டுல நாங்க ரெண்டே பேருதான். சண்ட போட வேற ஆளும் இல்ல, வெலக்கி வுட ஆளும் இல்ல.

அவரு பக்கத்து நியாயத்த மொதல்ல சொல்லிடறேன். இல்லன்னா பொம்பள ஒருதலையா பேசறான்னு ஆயிடும். ரெண்டு துப்பாக்கியில ஒண்ணு எப்பப் பாத்தாலும் மக்கர் பண்ணும். உப்புக் காத்துல ஸ்பிரிங் துருப்புடிக்கும், தோல் வாஷர் காஞ்சு போயி காத்து வுடும். திருவிழாக் கூட்டத்துல ஒண்ணக் கழட்டி மடியில வெச்சுட்டு உக்காந்தா, வரிசையில நிக்கறவன் ராட்டினத்துக்குப் போயிடுவான். அதோட அவருக்கு ஒரு ரோஷம். பலூன் கடைத் துப்பாக்கின்னாலே குறிய வேணும்னே கோணலா வெச்சிருப்பாங்கன்னு ஊரு பேசுது இல்ல, அது அவருக்கு ஆவாது. "நம்ம கடையில பாத்த எடத்துல படணும் மே. பலூன் வெடிச்சா வெடிச்சுட்டுப் போவுது, இன்னா இப்ப?"ன்னுவாரு. மூணாவதுக்குக் கட்டை கூட ரெடி. குயிலாப்பாளையத்துல ஒரு மரப்பட்டறையில மேசை அறுத்த மிச்சம், நல்ல தேக்கு. காயலான் கடையில ஒரு பழைய பேரலையும் பாத்து எடுத்து வெச்சிட்டாரு.

என் நியாயம், நான் வெளியில சொன்னது, குண்டு. முந்தின மாசி மகத்துல ஒரே துப்பாக்கிதான் வெச்சிருந்தோம், அதுக்கே வெயில் தாழறதுக்குள்ள குண்டு தீந்து போச்சு. கூட்டம் அப்பதான் கூடுது. கட்டுன பலூன எல்லாம் அவுத்து புள்ளைங்களுக்குச் சும்மா குடுத்துட்டு வந்தோம். சுட்ட குண்டெல்லாம் கோணிக்குக் கீழ மண்ணுல நசுங்கிக் கெடக்குது. அதப் பொறுக்கி, உருக்கி, அச்சுல ஊத்துனா மறுபடியும் குண்டு. வெளியில அலையவே தேவயில்ல. கேக்கறதுக்கு எவ்ளோ நல்லா இருக்குது?

அவருக்கு நல்லா இல்ல. "குண்டு வார்க்கறது ஒரு வேலையா மே? இட்லி ஊத்தற மாதிரி. ஊத்து, எடு, ஊத்து, எடு. அதுல இன்னா இருக்குது?"

"இட்லி ஊத்தறதுல இன்னா இருக்குதா? சரி, நாளைக்குக் காலையில நீயே ஊத்திக்கய்யா."

"பேச்ச மாத்தாத. துப்பாக்கி கட்டறது மூளை வேலை. இது கூலி வேலை."

"நம்ம ரெண்டு பேரும் கூலிக்காரங்கதானே. எதுக்குக் கொம்பு?"

இப்படி தெனமும் ஒரு தரம். ஆனா அவரு கிண்டலா சொன்ன அந்த வார்த்தையிலதான் என் உண்மையான காரணம் இருந்துச்சு. ஊத்து, எடு, ஊத்து, எடு. அதுக்கு முடிவே கெடையாது. அதனாலதான் அது எனக்கு வேணும். இத அவருகிட்ட சொல்ல முடியாது.

எங்க வூட்டுக்காரரு குடிகாரரு. குடிகாரரா இருந்தாருன்னு எழுதத்தான் ஆசை. அப்படி ஒரேயடியா முடியற சமாச்சாரம் இல்ல அது. அடிக்க மாட்டாரு, கத்த மாட்டாரு. சிரிச்ச மூஞ்சியா வந்து கைலியோட வாசல்ல படுத்துடுவாரு, அவ்ளோதான். ஒரு வருஷம் கண்ணு மஞ்சளாகி புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில பதினஞ்சு நாளு கெடந்தாரு. டாக்டரம்மா என்ன தனியாக் கூப்புட்டு, "இனிமே தொட்டா ஆளு தேற மாட்டாரும்மா"ன்னு சொன்னாங்க. அவருகிட்டயும் அதையே சொன்னாங்க. நல்ல புள்ளையாட்டம் தலைய ஆட்டிக்கிட்டாரு. வூட்டுக்கு வந்து பத்தே நாள்ல மறுபடியும் போனாரு.

அவர நிறுத்துனது நான் இல்ல, சாமி இல்ல, டாக்டரும் இல்ல. காயலான் கடையில கெடந்த ஒரு ஒடஞ்ச ஏர் கன். இன்ஜினுக்கு போல்ட்டு வாங்கப் போனவரு அதத் தூக்கிட்டு வந்துட்டாரு. கட்டை பொளந்து, ஸ்பிரிங் ரெண்டாப் போயி, வெறும் இரும்பு. இதக் கட்டி நிமித்தறேன் பாருன்னு உக்காந்தாரு. ஸ்பிரிங்க அமுக்கிப் புடிச்சு சின்ன ஊசிய ஓட்டையில போடணும். கை ஆடிச்சுன்னா ஸ்பிரிங் எகிறி கூரையில அடிக்கும். மொத பத்து நாளு குடிக்காததாலயே கை ஆடிச்சு. அப்புறம் நின்னுச்சு. நின்ன கையப் பாத்து அவருக்கே ஆச்சரியம். மூணு மாசம் அந்த வேலை. மூணு மாசமும் ஒரு சொட்டுத் தொடல. நான் அந்தத் துப்பாக்கிக்கு மஞ்சள் பொட்டு வெச்சேன்.

துப்பாக்கி முடிஞ்சுச்சு. கடை போட்டோம். பதினெட்டாவது நாளு குடிச்சிட்டு வந்தாரு.

ரெண்டாவது துப்பாக்கிக்கு சாமான் சேத்ததும் மறுபடியும் நிறுத்திட்டாரு. எனக்குக் கணக்குப் புரிஞ்சு போச்சு. கையில கட்ட வேண்டிய துப்பாக்கி இருக்கற வரைக்கும் புருஷன் இருக்கறாரு. அதுக்கப்புறம் தெரியாது. ரெண்டாவது முடியற மாதிரி வந்தப்ப நான் ஒரு காரியம் பண்ணேன். டிரிகருக்குள்ள போடற ஊசிய எடுத்து அஞ்சறைப்பெட்டியில கடுகுக்கு அடியில போட்டுட்டேன்.

மனுஷன் மூணு நாளு தேடுனாரு. வாசல் மண்ண மாவு சல்லடையில சலிச்சாரு. "என் கண்ணு போச்சு மே, என் கண்ணே போச்சு"ன்னு தன்னையே திட்டிக்கிட்டாரு. நான் பக்கத்துல உக்காந்து கூடவே தேடுனேன், பாவி. அப்புறம் சைக்கிள் கம்பிய அராவி புது ஊசி பண்ணிட்டாரு. ஒரு வாரம் கழிச்சு தோல் வாஷர் காணாமப் போச்சு. அடுத்து ஒரு ஸ்க்ரூ. அப்படியே ஒன்றர மாசம் இழுத்தேன். சிரிப்பாவும் இருந்துச்சு, அசிங்கமாவும் இருந்துச்சு. ஆனா அந்த ஒன்றர மாசமும் சாயங்காலம் அவரு வூட்டுல இருந்தாரு. ஆடியில துப்பாக்கி முடிஞ்சுச்சு, ஆவணியில நாலு நாளு குடிச்சாரு. அப்புறம் மூணாவதப் பத்தி பேச ஆரம்பிச்சுதான் நின்னுச்சு.

இப்ப சொல்லுங்க. மூணாவதும் ஒரு நாள் முடியும் இல்ல? நாலாவது, அஞ்சாவதுன்னு போவ எங்க கடை என்ன ராணுவமா? குண்டுன்னா அப்படி இல்ல. வார்க்கறோம், சுடறாங்க, பொறுக்கறோம், மறுபடி வார்க்கறோம். தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கைக்கு வேலை. நான் எதையும் ஒளிக்க வேண்டியதில்ல. அதுக்குத்தான் அந்த அச்சு மேல எனக்கு அவ்ளோ வெறி.

கடலோரக் குப்பத்துல எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. கருவாட்டுக்கு உப்பு வாங்க எங்க அளத்துக்கு வருவா, அப்படிப் பழக்கம். வலை அடியில தொங்கற ஈயத்த அவங்க வூட்டுலயே வார்ப்பாங்க. அவதான் ஒரு லேத் பட்டறையில சொல்லி, இடுக்கி மாதிரி தொறந்து மூடற அச்சு ஒண்ணு பண்ணிக் குடுத்தா. ஒரு தரம் ஊத்துனா ஆறு குண்டு. கூடவே அவ அடுப்புச் சட்டியையும் இரவல் குடுத்து, பாடமும் எடுத்தா.

"அக்கா, வெளியில காத்தோட்டமா வெச்சு உருக்கு. பொகைய மூஞ்சியில வாங்காத. கைய சோப்பு போட்டுக் கழுவாம சோத்துல வெக்காத. எல்லாத்துக்கும் மேல ஈரம். ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் ஈயம் சீறிடும்."

"எனக்குத் தெரியாதா? நான் இன்னா சின்னக் கொழந்தையா?"ன்னு கேட்டுட்டு வந்தேன். வாய் மட்டும் எனக்கு எப்பவும் முன்னாடி போவும்.

அச்சு வூட்டுக்கு வந்ததும் அவரும் இறங்கி வந்தாரு. இரும்புன்னா அவருக்கு ஆவும். தொறந்து மூடிப் பாத்தாரு, வெளிச்சத்துல புடிச்சு சந்து இருக்குதான்னு பாத்தாரு. "சரி, ஒரு வாரம் உன் இஷ்டத்துக்கு. அப்புறம் என் துப்பாக்கி"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். மாசி மகத்துக்குப் பன்னெண்டு நாள் இருந்துச்சு.

ஞாயித்துக்கெழம காலையில வேப்ப மரத்தடியில அடுப்பு வெச்சோம். ஈயம் உருகுது, பளபளன்னு. அக்கம் பக்கம் எல்லாம் வேலிகிட்ட வந்து நிக்குது. "உங்களுக்கு இன்னாம்மா, சொந்தமா குண்டே பண்றீங்க"ன்னு ஒருத்தி சொன்னா. மொத அச்சு ஊத்தி எடுத்தாரு, ஆறும் முழுசா விழுந்துச்சு. என் புருஷன் மூஞ்சியில ஒரு சிரிப்பு. அந்த சிரிப்பப் பாத்த ஒடனே எனக்கு பகீர்னுச்சு. இத்தினி கண்ணு பாக்குதே, இந்த மனுஷன் மேல எந்தக் கண்ணும் படக் கூடாதுன்னு உள்ள ஓடுனேன். ஒரு கை உப்பு அள்ளிட்டு வந்து, அவரையும் அச்சையும் சேத்து மூணு சுத்து சுத்தி அடுப்புல போட்டேன்.

திருஷ்டிக்கு உப்பு சுத்தி நெருப்புல போடறது எல்லா வூட்டுலயும் உண்டு. பாக்கெட் உப்பு வாங்கற வூடா இருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. உப்பளத்துக்காரங்க நாங்க எங்க பாக்கெட் வாங்கறது? மொத நாள் சாயங்காலம் குமியலுல இருந்து மடியில கட்டிட்டு வந்த கல்லு உப்பு, பாத்தித் தண்ணி இன்னும் வடியாதது. வேலை செய்யறப்ப அது ஈரம்னு என் கைக்குத் தெரியும். வூட்டுக்குள்ள வந்துட்டா அது எனக்கு வெறும் உப்பு. தண்ணின்னு அவ சொன்னப்ப நான் குடத்துத் தண்ணியத்தான் நெனச்சேன்.

போட்டதுல பெரும்பாலும் நெருப்புல விழுந்துச்சு. ரெண்டு கல்லு சட்டியில விழுந்துச்சு. பட்டாசு மாதிரி ஒரு சத்தம், ஈயம் எகிறிச்சு. அச்சப் புடிச்சிருந்த அவரு வலது கையில, கட்டை வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வந்து ஒட்டிக்கிச்சு. அவரு கத்தல. மொதல்ல என் பக்கம் திரும்பி, "உன் கண்ணுல பட்டுச்சா மே?"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறந்தான் கைய ஒதறுனாரு. 

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எப்படி ஆச்சுன்னு நர்ஸ் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "என் கவனக் கொறவுங்க"ன்னுட்டாரு. வர்ற வழியெல்லாம் நான் அழுதுக்கிட்டே வந்தேன். "சுத்திப் போட்டது வேலை செஞ்சிடுச்சு மே, இனிமே ஒருத்தன் கண்ணும் நம்ம பக்கம் வராது"ன்னு ஆட்டோவுல கிண்டல் பண்ணாரு.

கிண்டல் ரெண்டு நாளைக்குத்தான். கை வீங்கி, தோலு உரிஞ்சு, கட்டுப் போட்டு மாசக் கணக்குல ஆவும்னு சொல்லிட்டாங்க. இன்ஜினுக்கு மொதலாளி வேற ஆளப் போட்டுட்டாரு. மாசி மகத்துக்கு நாங்க கடை போடல. தேக்குக் கட்டை மூலையில சாஞ்சு நிக்குது, அவரு அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. துப்பாக்கியும் இல்ல, குண்டும் இல்ல, இன்ஜினும் இல்ல. எந்தக் கைய சும்மா வெக்கக் கூடாதுன்னு நான் ரெண்டு வருஷமா பாடுபட்டேனோ, அந்தக் கையக் கட்டிப் போட்டு உக்கார வெச்சதே நான்தான்.

அளத்துல உப்பு வாரிக்கிட்டு இருக்கறப்ப எனக்கு நெனப்பெல்லாம் வூட்டுலதான்.  ஏதாச்சும் வேலை வெச்சுட்டுப் போவேன். வெங்காயத்த உரி, கொடத்த நெரப்பு, பொண்ணுக்குப் போன் பண்ணு. "ஏன் மே, எனக்கு ஸ்கூலு நடத்தறியா?"ன்னு கேப்பாரு. ஆனா செய்வாரு. இடது கையால சமையல் கூடப் பழகிக்கிட்டாரு. நான் வர்றதுக்குள்ள ரசம் வெச்சிருப்பாரு. உப்பு மட்டும் போட மாட்டாரு, அது உன் டிபார்ட்மெண்டுன்னுவாரு.

பங்குனி மொத வாரம் ஒரு நாளு, வெயில் இறங்க நான் வூட்டுக்கு வந்தேன். அடுப்பு பத்த வெக்கல. அவரு தரையில உக்காந்திருக்காரு, முன்னாடி அஞ்சறைப்பெட்டி. தாளிக்கறதுக்குக் கடுக அள்ளியிருக்காரு. இடது உள்ளங்கையில ஊசி, ஸ்க்ரூ. கடுகு தீரத் தீர நான் மேல மேல போட்டுக்கிட்டே வந்ததால அது அடியிலயே கெடந்து போச்சு, நானும் மறந்துட்டேன்.

"இன்னா மே இது?"

பொய் சொல்லியிருக்கலாம். நாலு பொய் வாய்க்கே வந்துச்சு. ஆனா நாள் பூரா வெயில்ல நின்ன களைப்பு, பயம், எல்லாம் சேந்து கோவமா வந்துச்சு. "ஆமாய்யா, நான்தான் ஒளிச்சேன். இன்னா பண்ணச் சொல்ற? துப்பாக்கி முடிஞ்சா நீ குடிப்ப. குடிச்சா செத்துப் போவ. அதான் முடிய வுடல. அந்த அச்சும் அதுக்குத்தான், போதுமா?"

அவரு கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. அந்த ஊசிய உள்ளங்கையிலயே உருட்டுனாரு.

"ஒன்றர மாசம் மண்ணு சலிச்சேன்" அப்படின்னாரு. அப்புறம், "அந்த மாசமெல்லாம் குடிக்காம இருந்தது நானுன்னு நெனச்சிட்டு இருந்தேன் மே. நீயா அது?"

நான் அஞ்சறைப்பெட்டிய மூடுனேன்.  அவரு எழுந்து, துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு.

பின்னாடியே ரோடு வரைக்கும் போனேன். ஈ.சி.ஆர். மேல ஏறி அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தா பிராந்திக் கடை. வண்டிங்க சர்ரு சர்ருன்னு போவுது. அங்க போயி அவர அந்த வரிசையில பாத்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? கையப் புடிச்சு இழுத்துட்டு வருவேனா? கட்டுப் போட்ட கையவா? இழுத்துட்டு வந்தா அதுவும் நான் பண்ணதாத்தானே ஆவும். ரோட்டோரத்துல கொஞ்ச நேரம் நின்னேன். அவர வுட்டுட்டுத் திரும்பி வந்தது, கல்யாணம் ஆனதுல இருந்து நான் பண்ணதுலயே கஷ்டமான வேலை.

வெளக்கு வெக்கற நேரத்துக்கு வந்தாரு. வாசலுக்கு வரல, முருங்க மரத்துகிட்டயே நின்னுட்டாரு. நான் எழுந்து போனேன். தெனமும் அவரு வந்ததும் தோள்ல இருக்கற துண்ட வாங்கறது என் பழக்கம். வேர்வையா இருக்குது, துவைக்கணும்னு சொல்லி வாங்குவேன். மோந்து பாக்கறதுக்குத்தான்.

"கிட்ட வராத" அப்படின்னாரு. "மோந்து பாக்க வேணாம். குடிச்சேன். பாதி குடிச்சேன். மீதிய கொட்டிட்டேன்னு சொன்னா நீ நம்ப மாட்ட. அதனால அதையும் குடிச்சேன்னே வெச்சுக்க."

இருவத்தி ரெண்டு வருஷத்துல அவரா வாயத் தொறந்து குடிச்சேன்னு சொன்னது அதுதான் மொத தடவ. முன்னாடியெல்லாம் ஓமத்த மென்னுட்டு வருவாரு. பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவாரு. நான் மண்ண வாரி எறிஞ்சு கத்துனேன். டாக்டரம்மா சொன்னத சொன்னேன், நாறப் பொழப்புன்னேன், உங்கூட கட்டி வெச்சாங்களேன்னேன். எல்லாத்தையும் நின்னு வாங்கிக்கிட்டாரு. அப்புறம் எனக்கு அழுகை வந்துச்சு, அவருக்கும் வந்துச்சு.

"இனிமே நீ எதையும் ஒளிக்காத" அப்படின்னாரு. "நானும் ஒளிக்கல. குடிக்க மாட்டேன்னு சத்தியமெல்லாம் பண்ணல மே, பண்ணிப் பண்ணி சலிச்சுப் போச்சு. குடிச்சா வந்து சொல்றேன். அது மட்டுந்தான் என்னால முடியும்."

அது ஒரு பேச்சான்னு எனக்கு ஆத்தாமையா வந்துச்சு. செத்துப் போறவன் வந்து சொல்லிட்டு செத்தா எனக்கு இன்னா லாபம்? ஆனா சோறு போட்டேன். அன்னியில இருந்து துண்ட வாங்கறத நிறுத்திட்டேன். நிறுத்தறதுன்னா சும்மா இல்ல. கை தானா நீளும், இழுத்துக்குவேன்.

சித்திரையில கட்டு அவுத்தாங்க. கட்டை வெரலு முழுசா மடங்கல, ஆனா அரம் புடிக்க வந்துச்சு. மூணாவது துப்பாக்கிய ஆரம்பிச்சாரு. நானும் வாரத்துல ஒரு நாளு மரத்தடியில குண்டு வார்த்தேன், தனியாவே. ஊத்து, எடு. அவர உக்காரச் சொல்லல. அவரும் நடுவுல வந்து, சட்டிய நல்லா காய வுடு மேன்னு சொல்லிட்டுப் போவாரு. அந்த மாசங்கள்ல ஒரு தடவ குடிச்சேன்னு வந்து சொன்னாரு. நான் திட்டுனேன். அவரு சாமானெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல தொறந்தே கெடக்கும். பெருக்கறப்ப ஒரு சின்ன ஸ்க்ரூ கால்ல படும். எடுத்து டப்பாவுல போடுவேன்.  இதப் போட்டா ஒரு நாளு கொறையுதேன்னு தோணும். போட்டுட்டு வேலையப் பாக்கப் போவேன்.

ஆடி ரெண்டாவது வாரம், நான் அளத்துல இருந்து வர்றப்ப வாசல்லயே சத்தம் கேட்டுச்சு. டப், டப். வேலிக்குள்ள வேப்ப மரத்துல ஒரு தீப்பெட்டியத் தொங்கவுட்டு சுட்டுக்கிட்டு இருந்தாரு. நான் வார்த்த குண்டு, அவரு கட்டுன துப்பாக்கி. தேக்குக் கட்டை எண்ணெய் போட்டு மின்னுது. வாசல்ல நின்ன என்னப் பாத்ததும் துப்பாக்கியக் கீழ வெச்சாரு.

"முடிஞ்சுச்சு மே."

"நேரா சுடுதா?"

"சுடுது."

எனக்கு சந்தோஷப்படணும்னு தெரியுது, ஆனா நேரா அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். அடுப்பப் பத்த வெச்சு, ஒலைய வெச்சு, அரிசியக் களைஞ்சு போட்டேன். அவரு துப்பாக்கியத் தொடச்சு ஆணியில மாட்டுனாரு. டப்பாவ மூடுனாரு. கையக் கழுவுனாரு. துண்ட எடுத்தாரு. வாசப்படி வரைக்கும் போனாரு. நான் திரும்பல, அடுப்பவே பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா காவல் காக்கற மாதிரி ஆயிடும்.

செருப்பு சத்தம் கேக்கல.  அப்புறம் முதுகுக்குப் பின்னாடி அவரு குரல் வந்துச்சு.

"இன்னிக்குக் குடிக்கப் போயிடுவேன் போல இருக்குது மே. செத்த நேரம் என் கூட வந்து உக்காரேன்."

போயி வாசப்படியில பக்கத்துல உக்காந்தேன். அவரு அந்த வெரலு மடங்காத கைய என் கைக்குள்ள வெச்சாரு. உள்ள சோறு பொங்கி அடுப்புல வழியற சத்தம் கேட்டுச்சு. நான் எழுந்திருக்கல.